சில்லிட்ட கைகள்

பெரிய டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்ன சாயங்காலமே தையல்காரியின் கைகள் இரண்டும் மணிக்கட்டுவரை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டுப்போயின. மகளுக்கு அப்போது நாலு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், முகம் பார்க்கமாட்டாள், யாராவது தொட்டால் வீடே கிடுகிடுக்கக் கத்துவாள். நூல்கண்டை மட்டும் நாள் முழுக்கச் சுழற்றிக்கொண்டிருப்பாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே, "பெத்தவ மனசு சில்லுனு இருந்தா பிள்ளை இப்படித்தாம்மா ஆகும்" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், புண்ணியவான்! வீட்டுக்கு வந்து அவள் குடத்துக்குள் கையை விட்டாள். தண்ணீர் பாலாடைபோல் மேலே உறைந்தது.

தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. அளவெடுக்கும்போது துள்ளிக் குதித்த வாடிக்கையாளர்கள், பிறகு அதற்கென்றே உள்ளே கூடுதலாக ஒரு சட்டை போட்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி கோடைக்குக் கோடை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "கொஞ்சம் கைய வையேன்" என்று ஐஸ்கட்டி வாங்கிப்போனாள். தையல்காரி மட்டும் மகள் பக்கமே கையை நீட்டவில்லை. செய்த பாவம் போதாதா என்று பயம். ஆனால் ஒருநாள் பொழுது சாய்ந்து மிஷின் நின்றதும், யாரையும் அண்டவிடாத அந்தப் பெண் தானாக வந்து தாயின் கையை எடுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டாள். பிறகு தினமும் வந்தாள். தன் குற்றத்தை மகள் பொறுத்துக்கொள்கிறாள் என்று நினைத்துத் தாய் அழுதாள்.

மந்தம் என்றது ஒரு பள்ளிக்கூடம், திமிர் என்றது இன்னொன்று. மகள் வளர்ந்து சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போனாள், அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கியது. மகளின் நாற்பதாவது வயதில்தான் ஒரு புது டாக்டரம்மா சொன்னாள்: "இதுக்குப் பேரு ஆட்டிசம். பிறவியிலேயே இவங்க இப்படித்தான். உங்க தப்பு ஒண்ணுமே இல்லம்மா. அந்தக் காலத்துல தப்பா சொல்லிட்டாங்க." திரும்பும் பஸ்ஸிலேயே கைகள் உருக ஆரம்பித்தன. "யாரும்மா அது, பஸ்ஸுக்குள்ள தண்ணி ஊத்துறது?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். வீடு வந்து சேர்வதற்குள் கைகள் எல்லார் கையையும்போல் வெதுவெதுப்பாகிவிட்டன.

அன்றும் மகள் வந்தாள். கையை எடுத்துப் பிடரியில் வைத்தாள், சூடுபட்டதுபோல் உதறினாள். "இது அம்மா கை இல்ல."

தையல்காரி தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் சுமந்த பழி போனதே, அதோடு மகளும் போய்விட்டாளா? "அந்தத் தப்பு என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்" என்று வாய்விட்டு அழுதாள்.

மகள் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள். இப்போது ஃபிரிட்ஜ் வந்துவிட்ட அந்த வீட்டுப் படியை அதுவரை அவள் மிதித்ததில்லை. ஒரு கிண்ணம் நிறைய ஐஸ்கட்டியோடு திரும்பி வந்து அம்மாவின் கைகளை அதற்குள் அமுக்கினாள், காத்திருந்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், போதாதென்று மறுபடி அமுக்கினாள். பிறகு பிடரியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப அம்மா." மகள் எதையும் பொறுத்துக்கொண்டதே இல்லை, அந்தக் கை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது தாய்க்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போதெல்லாம் பொழுது சாயும்போது எதிர்வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள். "எத்தனை கோடைக்கு உன்கிட்ட வாங்கியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஐஸைக் கொட்டிவிட்டுப் போகிறாள்.