ஏழு தடவை கேட்ட கேள்வி

"டீச்சர், உள்ள என்னவாம்?"

மயக்க மருந்தின் கிறக்கம் தீராத கண்களோடு லிப்ட் மெக்கானிக் தன் மனைவியைக் கேட்டார். இது நான்காவது தடவை.

"கண்ணு முழிச்சாலும் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் மனசுல நிக்காதும்மா. கேட்டதையே கேப்பாரு, அலுத்துக்காதீங்க" என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். அலுப்பா? மழலையர் பள்ளியில் இருபது வாண்டுகளுக்கு ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய டீச்சர் அவள்.

"கேமராக் குழாய் விட்டுப் பாத்ததுல பெருங்குடல்ல மூணு பாலிப் இருந்துச்சாம். சின்னக் கட்டிங்க. பெருசு திராட்சை அளவு. கம்பி வளையம் மாட்டி மூணையும் எடுத்துட்டாங்க. பாத்தா பயப்படற மாதிரி இல்லியாம். டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க, ஒரு வாரத்துல தெரிஞ்சிடும்."

ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் மூச்சு விட்டு, அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார்: "ரொம்ப பயந்துட்டேன் டீச்சர். உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவேனோன்னு."

மலத்தில் ரத்தக் கசிவு இருப்பதாகத் தெரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊரார் லிப்டுக் கயிற்றையெல்லாம் இழை இழையாகத் தடவிப் பார்க்கிற மனிதர், தன் வயிற்றைக் காட்ட மட்டும் நாள் கடத்தினார். கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். நேற்று பேதி மருந்து குடித்துவிட்டுக் கழிவறைக்கு ஓடும்போதுகூட, "வழி விடு, லிப்ட் கீழ போகுது" என்று கேலிதான். பயம் தனக்கு மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஏழாவது தடவைக்குப் பிறகு தெளிந்துவிட்டார். "நான் ஏதாவது உளறினேனா?"

"இல்லீங்க. நல்லாத் தூங்குனீங்க."

ஒரு வாரம் கழித்துச் சமையலறையில் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். டாக்டர் பேசியது அவளுக்கும் கேட்டது. போனை வைத்த பிறகும் அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன சொன்னாங்க?"

"நீயுந்தானே கேட்டே?"

"சொல்லுங்க."

"கேன்சர் இல்லியாம். விட்டிருந்தா பின்னால அப்படி மாறியிருக்கலாமாம். எடுத்தாச்சு. மூணு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணுமாம்."

"என்ன சொன்னாங்க?"

"காது அடைச்சுக்கிச்சா டீச்சர்?" சிரித்தார், ஆனாலும் முழுக்கச் சொன்னார்.

"என்ன சொன்னாங்க?"

இந்தத் தடவை கேலி வரவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லையாம்" என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப பயந்துட்டேன், டீச்சர்."

"தெரியும்."

"எப்படி?"

"ஏழு தடவை சொன்னீங்க" என்று அவள் தன் சுண்டுவிரலை நீட்டினாள்.