அடுத்த ஓவரில் பார்க்கலாம்

1991இல் எங்கள் கோச் டென்சில் சார் ஒரே ஒரு பேட்டை எங்கள் இருவர் கையிலும் சேர்த்துத் திணித்தார். யாரோ ரஞ்சி ஆட்டக்காரர் கழித்துப்போட்டது. கர்நாடகப் பெண்கள் அணியில் அதைவிட நல்ல பேட் அப்போது கிடையாது.

"வனஜா ஓப்பனிங், தமயந்தி ஆறாவது. அவ அவுட் ஆயி வந்தா நீ வாங்கிட்டுப் போ. சண்டை கிண்டை போட்டீங்க, ரெண்டு பேருக்குமே இல்ல."

வனஜா நான்தான். தொம்மலூர்க்காரி. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை, ரிசர்வேஷன் கவுன்டரில். இந்தியாவுக்குப் பதினோரு மேட்ச் ஆடியவள் என்பது க்யூவில் நிற்கும் ஒருத்தருக்கும் தெரியாது. போகட்டும், ஃபார்மை ஒழுங்காக நிரப்பித் தந்தால் போதாதா!

தமயந்திக்கு லிங்கராஜபுரம். நான் அவுட்டாகித் திரும்பினால் எல்லைக்கோட்டில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். முதலில் பேட்டைப் பிடுங்குவாள், அப்புறம்தான் "பரவால்ல விடு" என்பாள். "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் அவுட் ஆயிருக்கலாம்ல?" என்று கிண்டல் வேறு. அன்ரிசர்வ்டு பெட்டியில் கிட்பேக்கைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி எத்தனையோ ஊர்களுக்குப் போனோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

1995இல் இருவருமே இந்திய அணியில் இருந்தோம். அவளுக்கு அதுதான் முதல் மேட்ச். நியூஸிலாந்துக்காரிகள் வீசிக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் விக்கெட்டுகள் விழ, நான் மட்டும் முப்பத்தெட்டு அடித்து நின்றேன். நான் அவுட்டாகாததால் தமயந்திக்கு எங்கள் பேட் இல்லை. யாரோ கொடுத்த கனமான இரவல் பேட்டோடு வந்தவள் நேராக என்னிடம் நடந்து வந்தாள்.

"நீ செட் ஆயிட்ட வனஜா. ஒரே ஒரு ஓவர் நம்ம பேட்ட குடுடி."

எனக்கு அன்று ஒவ்வொரு அடியும் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஆசை விடவில்லை. "அடுத்த ஓவர்ல பார்க்கலாம்" என்றேன்.

இரண்டாவது பந்திலேயே போல்டாகிப் போனாள். நான் எழுபத்தொன்று அடித்தேன். அவளை அடுத்த மேட்சுக்கு எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவேயில்லை.

சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலாவது தேவலை! என் கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், போட்டோவுக்கு நின்றாள். வீட்டுக்கு மட்டும் வரமாட்டாள். கூப்பிட்டால், "ஸ்கூல்ல வேலம்மா" என்பாள். அங்கே அவள் பி.டி. டீச்சர். அவள் வாயில் எனக்கு 'டி' போய் 'ம்மா' வந்துவிட்டது.

நான் 1999இல் ஆட்டத்தை விட்டேன். பேட் என் பீரோ மேல் ஏறிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

2004இல் டென்சில் சார் போன் செய்தார். "பழைய பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து ஒரு மேட்ச் ஆடப்போறோம். புது பேட்டுங்க தராங்க. தொப்பைய மட்டும் வீட்ல வெச்சிட்டு வா."

"தமயந்தி வராளா சார்?"

"வரா, வரா."

பீரோ மேலிருந்து பேட்டை இறக்கித் துடைத்தேன். அவள் கேட்காமலேயே இந்தத் தடவை கொடுத்துவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மேட்சில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஒரு கவர் டிரைவ் விழுந்தது பாருங்கள், அடடா! எங்கள் பழைய பேட்டோடு நான் பதினெட்டில் நிற்கும்போது தமயந்தி வந்தாள். கையில் ஸ்டிக்கர் கசங்காத புது பேட். நான் ஓடாத குறையாக எதிரே போனேன்.

"இந்தா தமயந்தி. இதுல ஆடு."

பேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொப்பியைச் சரிசெய்தாள்.

"அடுத்த ஓவர்ல பார்க்கலாம்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஒன்பது வருஷமாக ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறாள்! வாங்கிக் கட்டிக்கொண்டு என் முனைக்குத் திரும்பினேன். மிச்சமிருந்த நாலு பந்தையும் தட்டித் தட்டி நிறுத்தினாள். எனக்குப் பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

ஓவர் முடிந்தது. பிட்ச் நடுவுக்கு வந்து கையை நீட்டினாள்.

"அடுத்த ஓவர் வந்துடுச்சே. குடுடி."

'டி' போட்டாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏனம்மா, ஆடுறீங்களா, நின்னு அழுவுறீங்களா? பேக, பேக!" என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார் அம்பயர் கோவிந்தப்பா.

பேட்டை மாற்றிக்கொண்டோம். நான் ஒரு ரன் எடுத்து அவளை அடிக்கும் முனைக்கு அனுப்பினேன். முதல் பந்தைத் தடுத்தாள். இரண்டாவது பந்தில் நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு விழுந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. அவள் ஸ்டம்பைப் பார்த்தாள், பேட்டைப் பார்த்தாள், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி! இத்தன வருஷமா அந்த இரவல் பேட்டையும் உன்னையும் திட்டிட்டிருந்தேனேடி!"

"சரி, என் பேட்ட குடுத்துட்டுப் போ."

"தரமாட்டேன். ஞாயித்துக்கெழம நான் கொண்டாறேன். மீன் கொழம்பு வெச்சு வை."

அடுத்த ஓவரிலேயே புது பேட்டால் ஒன்றைத் தூக்கியடித்து நானும் அவுட்டானேன். எல்லைக்கோட்டில் பழைய பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தமயந்தி நின்றிருந்தாள். இந்தத் தடவை என்னிடமிருந்து பிடுங்க அவளுக்கு எதுவும் இல்லை.

"பரவால்ல விடுடி" என்றாள், முதலிலேயே.