ஒரே முதுகில் இரண்டு பாடம்

அத்தை மறுபடியும் நின்றுவிட்டாள். பயிற்சி மைதானத்தின் வேலியோரம் நாலு காலையும் மண்ணில் ஊன்றி, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு அப்படியொரு நிற்பு. பத்தொன்பது வயசுப் பெண்குதிரை. ஏறி உட்காரக்கூடத் தெரியாத பெரியவர்களைப் பன்னிரண்டு வருஷமாக முகம் சுளிக்காமல் சுமந்தவள் என்பதால் லாயத்தில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். மேலே உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மூன்று மாதமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறார்.

"மாஸ்டர், வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்றார்.

மைதானத்தின் நடுவில் நின்ற மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "கடிவாளத்தைக் குட்டையா பிடிங்க. முட்டியை இறுக்குங்க. நீங்கதான் எஜமான்னு அதுக்குத் தெரியணும்."

டிரைவர் பிடித்தார், இறுக்கினார். பிறகு, வேறு யாரோ காதில் சொன்னதுபோல, குதிகாலால் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். அத்தை தலையை உதறிப் பின்னால் நகர்ந்தாள். முன்னங்கால் இரண்டும் மண்ணை விட்டு எழும்பின. அவ்வளவுதான், மனிதர் பக்கவாட்டில் சரிந்து, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்துபோனது.

முதலாளி விசாரிக்க வந்தபோது மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "வயசாயிடுச்சு சார். குணம் மாறுது" என்று சொல்லிவிட்டார். வாயில் வந்ததுதான். ஆனால் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். ஆளைத் தள்ளும் குதிரை புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஆகாது, வெள்ளிக்கிழமை லாரி வரும் என்றார். எங்கே கொண்டுபோகும் என்று அவரும் சொல்லவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை. கிழட்டுக் குதிரைகளை ஏற்றிப்போகும் லாரி எதையும் திருப்பிக் கொண்டுவந்து மாஸ்டர் பார்த்ததில்லை.

லாய வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மாஸ்டரும் அவர் தங்கச்சியும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வது அதில்தான். 'கறுப்பனுக்கு லாடம் தேய்ந்துவிட்டது', 'தீவனம் நாளை வரும்', இப்படி. திங்களும் புதனும் அவர் வகுப்பு, செவ்வாயும் வியாழனும் அவளுடையது. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வெளியே. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மாணவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "அண்ணன் சொல்றது பழைய முறை, அதைக் கேட்டா குதிரைக்கு வாய்தான் புண்ணாகும்" என்று அவள் சொல்லிவிட்டாள். அதை அவரால் விழுங்க முடியவில்லை. இத்தனைக்கும் இருவருக்கும் கற்றுக்கொடுத்தவர் ஒரே அப்பா. பதினாலு வயசு இடைவெளியில் அப்பாவின் கையும் குரலும் தளர்ந்திருந்தன. மகனுக்கு இறுக்கிப் பிடிக்கச் சொன்னவர் மகளுக்கு விட்டுப் பிடிக்கச் சொன்னார். டிரைவர் விழுந்த அன்று மாலை பலகையில் அவள் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: 'அத்தை தப்பு பண்ணவில்லை.' மாஸ்டர் சட்டைக்கையாலேயே அதைத் துடைத்தார்.

வியாழக்கிழமை டிரைவரைப் பார்க்கப் போனார். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டியதும் டிரைவரின் மனைவி திறந்தாள். "வாங்க. உங்க குதிரை வீரர் உள்ளதான் படுத்திருக்காரு. இந்த வயசுல இது தேவையான்னு நீங்களாவது கேளுங்க" என்றாள். டிரைவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அத்தைக்கு ஒண்ணும் ஆகலையே மாஸ்டர்?"

மாஸ்டர் நாளைக்கு லாரி வருகிறது என்று சொன்னார். டிரைவர் போர்வையைத் தள்ளிக் காலைத் தரையில் வைத்தார்.

"தப்பு என் மேல. நீங்க இறுக்கிப் பிடின்னீங்க. உங்க தங்கச்சி டீச்சர் கையை விடு, காலால சொல்லுன்னாங்க. ரெண்டு பேரும் சொல்லிக்கொடுக்கிறவங்க, யாரு பேச்சைத் தட்டுறது? ரெண்டையும் சேத்துச் செஞ்சேன்." கட்டிலில் உட்கார்ந்தபடியே இடக்கை முஷ்டியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினார். "பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒண்ணா மிதிச்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியாம போச்சு பாருங்க."

"எங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். நடுவுல நான் எதுக்குன்னு இருந்துட்டேன்."

படி இறங்கும்போது மாஸ்டருக்கு ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். பல் டாக்டர், தையற்கடைக்காரம்மா, கணக்கு ஆடிட்டர். இரண்டு வகுப்புக்கும் மாறி மாறி வந்தவர்கள், அத்தை முரண்டு பிடிக்கிறாள் என்று குறை சொன்னவர்கள். போ என்றும் நில் என்றும் ஒரே சமயத்தில் மூன்று வருஷமாக அந்த வாயில்லா ஜீவனிடம் சொல்லியிருக்கிறோமே, பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வாசலில் வந்து நின்று, பின்பக்கப் பலகையை இறக்கிப் போட்டிருந்தது. மாஸ்டர் நேராக முதலாளியிடம் போனார்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய் சார். அது குணம் மாறல. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொல்லிக்கொடுத்தோம். தப்பு எங்க மேல."

தங்கச்சி அத்தையைப் பிடித்துக்கொண்டு லாய வாசலில் நின்றிருந்தாள். அவள் காதில் அது விழுந்தது.

"பேச்செல்லாம் வேணாம் மாஸ்டர். விழுந்த ஆள் திரும்ப ஏறுவாரா? அவர் ஏறி இதை நடக்க வெச்சா லாரியைத் திருப்பி அனுப்பிடறேன்" என்றார் முதலாளி.

"ஏறுவேன்" என்று லாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. டிரைவர், கையில் கட்டோடு. பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டு அவர் மனைவி.

மாஸ்டர் ஒரு பக்கம் தாங்க, தங்கச்சி மறுபக்கம் பிடிக்க, டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கடிவாளம் அவருடைய இடக்கையில் இருந்தது. கனம் முதுகில் இறங்கியதுமே அத்தை காலை ஊன்றிக்கொண்டாள். காது பின்னால் மடங்கியது. வயிற்றுத் தோல் துடித்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டிரைவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "இப்ப யார் சொல்றதைக் கேக்கட்டும்?"

மாஸ்டரின் நாக்கு நுனியில் முப்பது வருஷத்துப் பாடம் வந்து நின்றது. குட்டையா பிடிங்க. அவர் அத்தையின் கழுத்தில் கை வைத்தார். ரோமத்துக்குக் கீழே தசை கல்லாக இறுகிக் கிடந்தது.

"அவ சொல்றதைக் கேளுங்க" என்றார்.

தங்கச்சி குதிரையின் முதுகுக்கு மேலாக அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல வேண்டியவள் இப்போது அவள்தான். பிறகு மெல்லச் சொன்னாள்.

"கடிவாளத்தைக் கழுத்து மேல போட்டுடுங்க சார். காலைத் தொங்கவிடுங்க. ஒண்ணும் செய்யாதீங்க. மூச்சை மட்டும் விடுங்க."

டிரைவர் மூச்சை விட்டார். மாஸ்டரும் விட்டார். அத்தையின் ஒரு காது தங்கச்சி பக்கம் திரும்பியது. இன்னொன்று மாஸ்டர் பக்கம் திரும்பி, அங்கிருந்து வர வேண்டிய அதட்டலுக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு இரண்டு காதும் சேர்ந்து முன்னால் திரும்பின. மண்ணில் புதைந்திருந்த குளம்பு ஒன்று மெல்ல எழும்பி, ஒரு முழம் தள்ளி இறங்கியது.

அவள் நடந்தாள். அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கமாகக் கூடவே நடந்தார்கள்.