பெரிய மனிதர் பட்டியலும் சிற்றம்பலத்தாரின் வீடும்

1955 வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விக்டோரியா மகாராணி தன் சொந்த மச்சானைத்தான் கட்டினார் என்று கேட்ட மாத்திரத்தில், நெடுங்கேணியில் சிற்றம்பலத்தாரின் வீடு எழுந்து நூறு முழம் நடந்தது. அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில், வரம்பு வந்த இடங்களில் மட்டும் சேலையைத் தூக்கிப் பிடித்த பெண்போலப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்தது. குசினியில் அவிந்துகொண்டிருந்த பிட்டு சிந்தவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து வண்டில்களில் திரும்பிய சனம் நிறுத்தி, வீடு எங்கே போகிறது என்று விசாரித்தது. எதிரே, முந்நூறு முழம் தள்ளி, சிற்றம்பலத்தாரின் தங்கை சிவனேஸ்வரியின் வீடு இருந்தது. வேறெங்கே போகும்?

சங்கதி இதுதான். சிற்றம்பலத்தாரின் மகள் விமலேஸ்வரிக்கும் சிவனேஸ்வரியின் மகன் யோகலிங்கத்துக்கும் தொட்டிலிலேயே பேச்சு முடிந்திருந்தது. உழவு மெசின் ஓட்டும் அந்த மச்சானைத் தவிர வேறெவரையும் அவளால் நினைக்க முடியாது. மெசின் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டே கூட்டலைப் பெருக்கலாக்கிவிடுவாள். ஆனால் சிற்றம்பலத்தார் கிராமச் சங்கத் தலைவராகி, இரண்டு தரம் கொழும்புக்கும் போய்வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். "பெரிய மனிசர் ஒருத்தரும் சொந்தத்துக்குள்ள கட்டிறேல்லை. ஒரு பேர் காட்டு பாப்பம்" என்றார். கொழும்புக் கந்தோரில் வேலைபார்க்கும் மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை பெண்பார்க்க வருவதாக ஏற்பாடு. விமலேஸ்வரி பள்ளிக்கூட அலுமாரியிலிருந்த தடித்த புத்தகத்தைத் தூக்கிவந்து, பெரிய மனிதரைத் தேடத் தொடங்கினாள்.

மகாராணிக்கு வீடு அசைந்ததே தவிர சிற்றம்பலத்தார் அசையவில்லை. புதன்கிழமை, டார்வின் தாய்மாமன் மகளைக் கட்டியதை வாசித்தாள். "குரங்குக் கதை சொன்ன ஆளோ?" என்று தகப்பன் முகத்தைச் சுளித்தார், வீடு இன்னும் எண்பது முழம் போனது. கிணறு பின்னால் நின்றுவிட்டதென்று தாய் இராசேஸ்வரி குடத்தோடு புறுபுறுத்தாள். வியாழக்கிழமை அவசரம் கெடுத்தது. சித்திரையில் காலமானதாகப் பேப்பரில் வந்த ஐன்ஸ்டைனும் சொந்தத்துக்குள்தான் கட்டினார் என்று விமலேஸ்வரி கூவினாள்.

"என்ன முறையில?" என்றாள் தாய்.

"தாய்மார் ரெண்டுபேரும் கூடப்பிறந்தவை."

"ஐயையோ, அப்ப அண்ணனும் தங்கச்சியும் எல்லோ!"

வீடு கதவு யன்னலெல்லாம் சாத்திக்கொண்டு நூற்றைம்பது முழம் பின்னுக்கு ஓடியது. கிணறு கிட்ட வந்ததில் தாய்க்குச் சந்தோசம். விமலேஸ்வரி அழுதே விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் வாழைக்குலையோடு வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள். தேத்தண்ணீர் கொண்டுவந்த விமலேஸ்வரி தட்டத்தைக் கீழே வைக்காமலே, கண்ணால் தகப்பனைக் காட்டிக் கேட்டாள்: "ஐயா பெரிய மனிசர்தானே?"

"அதிலென்ன சந்தேகம், பிள்ளை? சங்கத் தலைவரெல்லோ!" என்று மாப்பிள்ளையின் தகப்பன் முந்திக்கொண்டார். சிற்றம்பலத்தார் மீசையைத் தடவினார்.

"அப்ப ஐயா அம்மாவை என்ன முறையில கட்டினவர்?"

தடவிய கை மீசையிலேயே நின்றது. தான் பெரிய மனிதரில்லை என்று சொல்ல, உயிரே போனாலும் அவருக்கு வாய் வராது. குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது: "நான் அவற்ற மாமன்ர மகள். வேற ஆர் இந்த மனிசனைக் கட்டுவினம்?"

வீடு ஏழு விருந்தாளிகளோடும் வாழைக்குலையோடும் புறப்பட்டது. இம்முறை நடக்கவில்லை, ஒரே ஓட்டம். மாப்பிள்ளை கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிவனேஸ்வரியின் விறாந்தையில் வீடு முட்டி நின்றபோது சிற்றம்பலத்தாருக்கும் சிரிப்பு வந்தது. இதே இராசேஸ்வரிக்காக ஒருகாலத்தில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது நினைவுக்கு வர, கண்ணும் கலங்கியது. "சரி, கட்டட்டும்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் சிவனேஸ்வரி ஊற்றிய தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

ஆனியில் கலியாணம் நடந்தது. காணிக் கந்தோர் ஆள் சங்கிலியோடு வந்து அளந்து, வீடு நிற்கும் இடமே வீட்டின் இடம் என்று எழுதிக்கொண்டு போனார். மற்றப் பெண்களெல்லாம் பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டு போவார்கள். விமலேஸ்வரியைப் பிறந்த வீடே கூட்டிக்கொண்டு வந்து விட்டது.