காலால் திறந்த கேட்

தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்த சிசிடிவி வீடியோ வந்தபோது நான் எங்கள் இஸ்திரிக் கடையில் டீச்சர் வீட்டுப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். ‘காலை பதினொரு மணிக்கு டீச்சர் வீட்டுக்குள் நுழைந்த இருவர். யாருக்காவது அடையாளம் தெரிந்தால் உடனே சொல்லவும்’ என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார்.

இருவருக்கும் தொப்பி, முகத்தில் மாஸ்க். பின்கதவை ஆட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ இருமியதும் நழுவிவிட்டார்கள். என் கண் நின்றது வேறு இடத்தில். உள்ளே வரும்போது உயரமானவன் செருப்பு நுனியால் கேட்டின் அடிக்கம்பியைத் தூக்கித் தள்ளினான். அவனுடைய இரண்டு கைகளும் காலியாகத்தான் இருந்தன.

அந்த கேட் தரையில் உரசும். தூக்கினால்தான் திறக்கும். எல்லோரும் கையால் தூக்குவார்கள். தேய்த்த துணிகளை இரு கையிலும் ஏந்திப் போகிறவள் என்பதால் நான் மட்டும் காலால் தூக்குவேன். அதை ஒரே ஒருவரிடம்தான் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

அத்தானிடம்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு அத்தான் வந்த பிறகுதான், “என்ன ரேடியோ, இன்னைக்கு என்ன செய்தி?” என்று ஒரு குரல் கேட்டது. வாயே திறக்காதவளுக்கு ரேடியோ என்று பேர்! எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி, டீச்சர் எத்தனை மணிக்குத் திரும்புவார், எல்லாம் சொல்வேன். “அப்புறம்?” என்பார். அதைக் கேட்பதற்காகவே தெருவை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அக்காவிடம் போனைக் காட்டினேன். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. புரியுதா?”

“அக்கா, அது...”

“என் வாழ்க்கைடி.”

சாயங்காலம் செயலாளர் டீச்சரோடு எங்கள் கடைக்கே வந்துவிட்டார். பின்னால் பாதித் தெரு. அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அந்த கேட்டக் காலால திறக்கிறது இவ ஒருத்திதான்” என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சோம்!” என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அத்தான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எனக்காகப் பேசத்தான் வருகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

“சார், படிப்பைப் பாதியில விட்டது இது. வெவரம் பத்தாது. எவனோ பல்லக் காட்டியிருப்பான், இதுவும் எல்லாத்தையும் கொட்டியிருக்கும். நாங்க கண்டிச்சு வைக்கிறோம்.”

இது. என்னை ‘இது’ என்றார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

“பயப்படாம சொல்லும்மா” என்றார் செயலாளர். “யாருகிட்ட சொன்ன?”

“சொல்லித் தொலையேன்டி” என்றாள் அம்மா.

“கேக்கிறாங்கள்ல? எவன்கிட்ட சொன்ன?” என்று அத்தானும் அதட்டினார். நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

“உங்ககிட்டதான், அத்தான்.”

அக்கா என் மணிக்கட்டை விட்டாள். விட்ட கையாலேயே என் கன்னத்தில் அறைந்தாள்.