மூன்றாவது பொத்தான்

மழை. ஒரு கதவு. வாசலில் நனைந்தபடி ஒருவன்.

அவன் மழையின் இளவரசன். தலையில் மின்னல் கிரீடம். ஆயிரம் ஆண்டு மேகத்தில் காத்திருந்து, ஒரு பெண்ணுக்காக மண்ணில் இறங்கியவன். இதெல்லாம் கைப்பேசித் திரையில்.

தூத்துக்குடியில் மழை வருவதே அபூர்வம். அதனால்தானோ என்னவோ, ஜெசிந்தா ஒரு மழைக்கதை எழுதினாள். படம் பார்த்து, வசனம் படித்து, பொத்தானைத் தொட்டால் நகரும் விளையாட்டு. இருபதே நிமிடம். இலவசம்.

படங்கள் ரீகன் வரைந்தவை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். இளவரசனின் இமையில் ஒரு துளியைத் தொங்கவிட்டவன். அந்தத் துளியைப் பார்த்த அன்றே ஜெசிந்தா விழுந்துவிட்டாள்.

சொல்ல வாய் வரவில்லை. அதனால் கடைசிப் பக்கத்தை அவனுக்குக் காட்டாமல் எழுதினாள். மழை விடுகிறது, வெயில் வருகிறது, ஒரே ஒரு வரி: ‘ரீகன், இவ்வளவும் உங்களுக்காகத்தான்.’ அவன் விளையாடி முடித்தால் தெரிந்துகொள்வான். முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கதவு திறந்ததும் மூன்று பொத்தான்கள். ‘உன்னைக் காதலிக்கிறேன்.’ ‘போய்விடு.’ ‘சாப்பிட்டீங்களா?’

மூன்றாவது சும்மா வேடிக்கைக்கு. அதற்குக் கதையே எழுதவில்லை. தொட்டால் மறுபடி முதலுக்கே போகும். மழை. கதவு. வாசலில் அவன்.

நானூறு பேர் விளையாடினார்கள். நானூறு பேரும் மூன்றாவதைத்தான் தொட்டார்கள்.

கருத்துகள் கொட்டின. ‘பையன் பாவம், பசியோட நிக்கிறான்.’ ‘பதினோரு தடவை கேட்டுட்டேன், வாயே திறக்கல. கூச்ச சுபாவம் போல.’ ‘அந்தப் பொண்ணுக்குக் கல்நெஞ்சு. ஒரு தோசை சுட்டா குறைஞ்சா போயிடுவா?’ ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுத் திட்டினார்கள்.

‘முதல் பொத்தானைத் தொடுங்கள்’ என்று ஜெசிந்தா பதில் போட்டாள். ‘நனைஞ்சு வந்தவன்கிட்ட எடுத்த எடுப்புல அதையா சொல்லுவாங்க?’ என்று மதுரையிலிருந்து ஓர் அம்மா குட்டு வைத்தார்.

வீட்டிலும் விடவில்லை. “ஏட்டி, அவனுக்கு ரெண்டு வாய் சோறு போட்டா உன் கதை கெட்டா போவும்?” என்றாள் அவள் அம்மா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் மூன்றாவதைத் தொட்டபடி.

ரீகனும் செய்தி அனுப்பினான். ‘முடிவே வரலங்க.’

ஊருக்கெல்லாம் முதல் பொத்தானைச் சொன்னவளுக்கு, அவனிடம் சொல்ல விரல் எழவில்லை. சொன்னால் அது சொன்னதாகிவிடுமே. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கார்த்திகையில் ஒரு மதியம், தூத்துக்குடியிலும் மழை பெய்தது. நிஜ மழை.

கதவு தட்டும் சத்தம். திறந்தாள். ரீகன். தொப்பலாக நனைந்திருந்தான். இமையில் ஒரு துளி.

சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தான். உள்ளே புதுப் படம். வாழையிலை, சோறு, மீன் குழம்பு. “எல்லாரும் கேக்காங்க. அதான் வரைஞ்சு கொண்டாந்தேன். சேத்துக்கிடுங்க.”

இதுதான் சமயம். மூன்று மாதம் எழுதி, அடித்து, திருத்திய வரி நாக்கு நுனியில் இருந்தது. ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

“சாப்ட்டீங்களா?”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரீகன் சிரித்துவிட்டான். “இல்ல. மறுபடி முதல்லேருந்து நிக்கணுமா?”

அதற்கு அவள் கதை எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பதில் வந்தது. “உள்ள வாங்க. குழம்பு இருக்கு. சாப்பிட்டுட்டு அந்த முதல் பொத்தானத் தொடுங்க. என் எதிர்லயே.”

அடுப்படியிலிருந்து அம்மா “அப்பாடா” என்றாள்.

மழை. ஒரு கதவு. வாசலில் நனைந்த செருப்பு மட்டும்.