வரதராஜனின் கிளை

வரதராஜனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுகிழமை தமயந்தி வேலைக்குத் திரும்பினாள். ஆக்லாந்துக் கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதுகிற சின்ன அலுவலகம். அவன் இருந்தவரை கணவன் மனைவி இருவருக்குமே அங்கேதான் வேலை.

அவன் பாதியில் விட்டுப்போன கிளையை மூலத்தோடு சேர்க்கச் சொன்னார்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைக் குழப்பாமல் புதியதைச் செய்துபார்க்கப் பிரித்தெடுக்கும் பிரதிதான் கிளை. சரிவந்தால் மூலத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

பக்கத்தில் ரத்னா இருந்தாள், சென்னைக்காரி. சேர்க்கத் தொடங்கியதுமே புரோகிராமின் ஒரு வரியில் முட்டிக்கொண்டு நின்றது. ஜிஎஸ்டி கணக்கில் சதத்தை முழுமையாக்கும் வரி. மூலத்திலும் திருத்தம், கிளையிலும் சற்று வேறு மாதிரி எழுதிய அதே திருத்தம்; இரண்டிலும் வரதராஜனின் பெயர். எது வேண்டும் என்று கம்ப்யூட்டர் இரண்டையும் மேலும் கீழுமாகக் காட்டியது.

"ஒரே திருத்தத்தை ரெண்டு தடவை பண்ணியிருக்காரே," என்றாள் ரத்னா. "கிளையில போட்டுட்டு மூலத்துல போட்டதா நெனச்சிருக்கார். அதான் அன்னைக்குத் தப்பான டிஸ்க் கடைக்கெல்லாம் போச்சு. பாவம், அப்பவே உடம்பு முடியலையோ என்னவோ."

தமயந்திக்கு அந்த நாள் நினைவிருந்தது. அது தொண்ணூற்றெட்டு மார்ச். அவளுடைய கம்ப்யூட்டர் பழுதாகி, அவனுடையதில் இருந்து வேலை செய்த நாள். அதில் அவனுடைய கிளை திறந்திருந்ததைக் கவனிக்காமல் திருத்தத்தைச் சேமித்துவிட்டாள். மூலத்தில் பிழை அப்படியே கிடந்தது. மூலத்தை டிஸ்க்கில் ஏற்றி அனுப்பியவன் வரதராஜன் என்பதால் முதலாளி எல்லார் முன்னாலும் அவனைத்தான் ஏசி உலுப்பினார். பிறகு மூலத்தில் அதைத் திருத்தியதும் அவனே.

"நான்தான் பார்க்கேல்லை," என்றான் அவன். தற்காலிக வேலையில் இருந்த தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சிரித்தான். "மரத்தில கொப்பு மாறி ஏறிட்டீர். இறங்கவும் தெரியேல்லை."

"என்ர வேலை நிரந்தரமாகட்டுமப்பா, முதலாளியிட்டச் சொல்லுறன்," என்றாள்.

நிரந்தரமானது. சொல்லவில்லை. ஆகஸ்டில் அவனுக்கு மாரடைப்பு வந்தது.

இப்போது ரத்னா சொன்னதற்கு ஓம் என்று தலையாட்டினால் போதும். இனி யாரும் கேட்கப்போவதில்லை.

"அது அவர் போட்டதில்லை ரத்னா," என்றாள். "கிளையில கிடக்கிறது என்ர திருத்தம். எந்தக் கிளையில நிக்கிறனெண்டு பாராமல் போட்டனான். அவர் ஏச்சு வாங்கேக்க பக்கத்திலதான் இருந்தனான்."

ரத்னா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"சார்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்லுறன்."

"இப்ப எந்த வரிய வெச்சுக்கிறது?"

தமயந்தி தன்னுடையதை அழித்தாள். அவனுடையதை வைத்துச் சேமித்துவிட்டு எழும்பினாள். முதலாளியின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. மார்ச்சிலும் அப்படித்தான் இருந்தது.